ஹீத் செடி ஏன் காய்கிறது, எப்படி வளர்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: சிறு இலைகள் கொண்ட பூப்புதரான ஹீத் செடி ஒன்றை, பூத்துக் குலுங்கும் நிலையில் தொட்டியோடு வாங்கி வந்தீர்கள். தினமும் தண்ணீர் விட்டீர்கள், மாதம் ஒரு பிடி தொழுவுரம் போட்டீர்கள், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினீர்கள். இரண்டே மாதத்தில் அடியிலிருந்து இலை பழுப்பேறி, தொட்டாலே உதிர்கிறது. பூ மட்டும் நிறம் மாறாமல் நிற்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா? தோட்டத்தில் ஒரு பாத்தி நிறைய ஹீத் வளர்க்க ஆசை, அதற்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில், அந்தப் பூவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹீத் பூ காய்ந்தாலும் சட்டென்று உதிராது. காகிதம் போலச் சலசலத்துக்கொண்டு வாரக்கணக்கில் கிளையிலேயே நிற்கும். செடி செத்த பிறகும் தூரத்திலிருந்து பார்த்தால் பூத்த செடியாகவே தெரியும். பலரும் தாமதமாகக் கண்டுபிடிப்பது இதனால்தான். ஒரு கிளையைப் பிடித்து நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்து, வளைத்தால் பொடுக்கென்று ஒடிந்தால் அந்தக் கிளை போய்விட்டது. செடியில் மூன்றில் ஒரு பங்காவது பச்சை இருந்தால் முயன்று பார்க்கலாம். அதற்கும் கீழே என்றால், உண்மையைச் சொல்கிறேன், பிழைப்பது அரிது. பெரும்பாலான ஹீத் வகைகள் இலையற்ற பழைய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை.

அடுத்து, தொட்டியைச் சாய்த்துச் செடியை மெதுவாக உருவி எடுங்கள். காரணம் மேலே இல்லை, கீழே இருக்கிறது. ஹீத்தின் வேரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செடியின் குணம் பாதி புரிந்துவிடும். தலைமுடியைவிட மெல்லிய வேர்கள் பின்னிப் பிணைந்து கம்பளித் துண்டு போல இருக்கும். நல்ல வேர் வெளிர்பழுப்பு, புது நுனி வெள்ளை. மோந்து பார்த்தால் மழை பெய்த காட்டு மண் வாசம் வரும். அழுகிய வேர் கறுத்திருக்கும், இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், வாடை முகத்தைத் திருப்ப வைக்கும். இன்னொரு நிலையும் உண்டு. வெளிப்பக்கம் ஈரமாக இருக்கும், வேர் உருண்டையைப் பிளந்தால் நடுவில் தூள் தூளாக உலர்ந்த கட்டி. விற்பனைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணில் வளர்ந்தவை. அது ஒருமுறை முழுக்க உலர்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மேலிருந்து ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். தினமும் தண்ணீர் விட்டும் செடி தாகத்தில் செத்துப்போவது இப்படித்தான்.

உலர்ந்த கட்டி என்றால், ஒரு வாளித் தண்ணீரில் வேர் உருண்டையை அமுக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்திருந்து எடுங்கள். அழுகல் என்றால், கறுத்த வேரை வெட்டி எறிந்துவிட்டு, மேலேயும் அதே அளவுக்குக் கிளைகளைக் குறைத்து, அமிலத்தன்மையுள்ள புதிய மண் கலவையில், வடிகால் நன்றாக உள்ள தொட்டியில் மாற்றி வையுங்கள். வேரழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். தேங்கிய ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது பரவும். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள்.

தண்ணீர் கதை இருக்கட்டும், தொழுவுரமும் முட்டை ஓடும் செய்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் அன்போடுதான் செய்தீர்கள். ஆனால் ஹீத் செழிப்பான மண்ணில் பிறந்த செடி அல்ல. ஐரோப்பாவின் மேட்டு நிலங்கள், மணற்பாங்கான வெளிகள், ஆல்ப்ஸ் மலைச்சரிவுகள், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி மலைகள் இவைதான் அதன் வீடு. பெரும்பாலும் மழையில் சத்தெல்லாம் கரைந்து போன, அமிலத்தன்மையுள்ள, ஏழை மண். அங்கே பிழைக்க அது ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டது. மற்ற செடிகளின் வேரில் இருக்கும் வேர்த்தூவிகள் இதற்குக் கிடையாது. பதிலாக, அந்த மெல்லிய வேர்களின் செல்லுக்குள்ளேயே ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. மக்கும் இலைதழைக்குள் பூட்டிக்கிடக்கும் நைட்ரஜனை அந்தப் பூஞ்சை உடைத்து எடுத்துக் கொடுக்கும், செடி அதற்குச் சர்க்கரையைக் கொடுக்கும். மண்ணில் உரத்தைக் கொட்டினால் இந்த உறவு நலிந்துவிடும். உரத்தின் உப்பு அந்த மெல்லிய வேர்நுனியையும் கருக்கிவிடும்.

முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு, வேறொன்றுமில்லை. சாம்பலும் மண்ணைக் காரமாக்கும். எலும்புத்தூளில் சுண்ணச்சத்தும் பாஸ்பரசும் இரண்டும் உண்டு. இந்த மூன்றையும் ஹீத் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தரையில் நட்ட செடிக்கு உரமே தேவையில்லை என்று நான் துணிந்து சொல்வேன். தொட்டிச் செடிக்கு மட்டும், வசந்தத் தொடக்கத்தில் ஒருமுறை, அசேலியா போன்ற அமில விரும்பிகளுக்கென்று விற்கும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு போட்டால் போதும்.

சரி, பாத்திக்கு வருவோம். ஹீத் என்ற பொதுப்பெயரில் கடையில் கிடைப்பது ஒரே செடி அல்ல. எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியாமல் மண்ணையும் கவாத்தையும் (கிளை வெட்டுவதையும்) பற்றிப் பேச முடியாது. எரிக்கா என்ற பேரினத்தில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கல்லூனா என்ற பேரினத்தில் ஒன்றே ஒன்றுதான், கல்லூனா வல்காரிஸ். ஹீதர் என்று சொல்வது இதைத்தான். பெருக்குதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது, அதன் கிளைகளைக் கட்டித் துடைப்பம் செய்திருக்கிறார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இலையைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். கல்லூனாவின் இலை மீன்செதில் போலத் தண்டோடு ஒட்டி, எதிரெதிராக அடுக்கி இருக்கும். எரிக்காவின் இலை குட்டி ஊசி போல, மூன்றோ நான்கோ ஒரு வட்டமாகத் தண்டைச் சுற்றி நிற்கும். டபோசியா என்று மூன்றாவது ஒன்று உண்டு, இலை சற்றுப் பெரிது, பூ குண்டுக் குடம் போல இருக்கும். அதன் பூ மட்டும் வாடியதும் உதிர்ந்துவிடும்.

தோட்டத்துக்கு முதல்முறை நடுபவருக்கு நான் சொல்வது எரிக்கா கார்னியா. ஆல்ப்ஸ் மலைச் செடி. கடுங்குளிரிலும் பனிக்கு நடுவே பூக்கும், ஓரளவு சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்வுட் ஒயிட் என்ற வெள்ளைப்பூ ரகம் தரையில் பாய் விரித்தாற்போலப் படரும். கார்னியாவையும் எரிஜினாவையும் கலந்து வந்த டார்லியென்சிஸ் இன்னும் முரட்டுத்தனமானது, பூக்கும் காலமும் நீளம். கோடைப்பூ வேண்டுமென்றால் எரிக்கா சினெரியா, அது வறண்ட, நன்றாக வடியும் மண்ணை விரும்பும். டெட்ராலிக்ஸ் என்ற இனத்துக்கு இலை நான்கு நான்காகச் சிலுவை வடிவில் இருக்கும், மற்றவற்றைவிட ஈரத்தைத் தாங்கும். எரிக்கா ஆர்போரியா மரம்போல ஆளுயரத்துக்கும் மேலே வளரும். அதன் வேர்க்கட்டையைத்தான் புகைக்குழாய் செய்யப் பயன்படுத்துகிறார்கள். கல்லூனாவில் ராபர்ட் சாப்மன் போன்ற ரகங்களில் பூவைவிட இலைதான் அழகு, கோடையில் பொன்னிறமாக இருந்து குளிரில் செந்நிறத்துக்கு மாறும்.

கல்லூனாவில் மொட்டு விரியாமலே மாதக்கணக்கில் நிறத்தோடு நிற்கும் ரகங்களும் வருகின்றன. அழகுதான். ஆனால் பூ விரியாததால் தேனீக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எனக்கு ஹீத் பாத்தியின் பாதி இன்பம் அந்த ரீங்காரம் என்பதால் நான் விரியும் ரகங்களையே வைக்கிறேன். இன்னொரு எச்சரிக்கை: நீலம், பளீர் மஞ்சள் என்று இயற்கைக்கு ஒவ்வாத நிறத்தில் கல்லூனா கண்ணில் பட்டால் அது சாயம் தெளித்தது. வாங்காதீர்கள்.

மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் எல்லா ஹீத்துக்கும் சுகம். 6 வரை பலவும் சமாளிக்கும். 7-ஐத் தாண்டினால் கார்னியா, டார்லியென்சிஸ், எரிஜினா, ஓரளவு எரிக்கா வேகன்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் நிற்கும். இந்த அளவுகோலில் 6-க்கும் 5-க்கும் இடையே அமிலத்தன்மை பத்து மடங்கு வித்தியாசம் என்பதை நினைவில் வையுங்கள், ஒரு எண்தானே என்று தோன்றக்கூடாது. சோதனைப் பெட்டி வாங்கிப் பாத்தியின் மூன்று நான்கு இடங்களில் மண் எடுத்துப் பாருங்கள். பி.எச். கூடினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கிளை நுனியில் புது இலை வெளிறி மஞ்சளாவது அதன் அடையாளம். அடியிலிருந்து பழுப்பேறுவது வேறு, நுனியிலிருந்து மஞ்சளாவது வேறு. முன்னது வேரின் பிரச்சினை, பின்னது சுண்ணாம்பின் பிரச்சினை.

பி.எச். சற்றே கூடுதலாக இருக்கும் மண்ணில் கந்தகத் தூள் போட்டு அதை இறக்கலாம். கந்தகத்தை மண்ணில் உள்ள பாக்டீரியா அமிலமாக மாற்ற மாதங்கள் ஆகும் என்பதால் நடுவதற்கு ஒரு பருவம் முன்பே கலந்து, மறுபடி அளந்து பார்த்துத்தான் நட வேண்டும். வினிகர் ஊற்றுவது சில நாள் கூத்து. காபிச் சக்கை அமிலம் என்று நம்பிப் பலர் கொட்டுகிறார்கள். வடிகட்டும்போதே அமிலத்தில் பெரும்பங்கு காபியோடு போய்விடுகிறது, மிச்சம் ஏறத்தாழ நடுநிலைதான். மண்ணே சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருந்தால் போராடாதீர்கள். அதில் குழி தோண்டி அமில மண்ணை நிரப்பினாலும் சுற்றியுள்ள சுண்ணாம்பு நீர் உள்ளே ஊறிவிடும். தரைக்கு மேலே உயர்த்திய பாத்தி கட்டுங்கள், அல்லது தொட்டியில் வையுங்கள், அல்லது கார்னியாவோடு நிறைவு கொள்ளுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவருக்குப் பக்கத்திலும், பூச்சு இல்லாத சிமென்ட் தொட்டியிலும் நடாதீர்கள். நனையும்போதெல்லாம் சுண்ணாம்பு கசியும்.

கலவைக்குத் தென்னை நார்க்கழிவு எடுப்பவர்கள் அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு மிச்சம் இருக்கும். அது லேசான அமிலம்தான், அது மட்டும் போதாது. மக்கிய பைன் பட்டை, சுண்ணாம்பு கலக்காத பருமணல், இலைமக்கு சேர்த்தால் நல்ல கலவை வரும். களிமண் தோட்டமாக இருந்தால் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஹீத் வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே பரவும்.

நடும்போது பெரும்பாலோர் விடும் தவறு, தொட்டியில் இருந்த அச்சிலேயே வேர் உருண்டையைக் குழிக்குள் இறக்கிவிடுவது. ஓராண்டு கழித்துக் காய்ந்த செடியைப் பிடுங்கினால் வேர் அதே தொட்டி வடிவில் வரும், ஒரு இழை கூட வெளியே போயிருக்காது. வேர் உருண்டையை நனைத்து, அடிப்பாகத்தை விரலால் கிழித்துப் பிரித்து விடுங்கள். கொஞ்சம் வேர் அறுந்தாலும் பரவாயில்லை. வெற்றுத்தண்டு வெளியே தெரியாதபடி, கீழ் இலைகள் மண்ணில் படியும் ஆழத்தில் நடுங்கள். தண்டு மண்ணுக்குள் இருக்கும் இடத்தில் புது வேர் விடும். செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் விட்டு, ஒரே ரகத்தில் நான்கைந்தாகக் கூட்டமாக நடுங்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று என்று புள்ளி வைத்தாற்போல நட்டால் ஹீத் தன் அழகைக் காட்டாது. இரண்டு மூன்று ஆண்டில் கூட்டம் ஒன்றோடொன்று சேர்ந்து களையை மூடிவிடும். அதுவரை பைன் பட்டை அல்லது பைன் ஊசியிலை மூடாக்கு போடுங்கள், களையைக் கையால் பிடுங்குங்கள். களைக்கொத்து போட்டால் மேல்வேர் அறும். காளான் வளர்த்து மிச்சமான உரத்தை மூடாக்காகப் போடாதீர்கள், அதில் சுண்ணாம்பு கலந்திருக்கும்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் கிளை நீண்டு இளைத்துப் பூ குறையும். தண்ணீர் விஷயத்தில், மேல்மண் லேசாக உலரும்போது நிறைய விட்டு முழுக்க வடியவிடுவதுதான் முறை. தினமும் ஒரு குவளை என்ற கணக்கு எந்த ஹீத்துக்கும் சரிவராது. தொட்டியைக் கையால் தூக்கி எடை பார்க்கப் பழகுங்கள், ஒரு வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். தரையில் நட்டதற்கு முதல் ஆண்டு வேர் பிடிக்கும் வரை தவறாத ஈரம் வேண்டும், அதன்பின் நீண்ட வறட்சியில் மட்டும் கவனித்தால் போதும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? அப்படியானால் உங்கள் குழாய்த் தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

கவாத்து பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தாறு ஆண்டில் ஹீத் பாத்தி நடுவில் பிளந்து, குச்சியாகப் பல்லிளித்து நிற்பதற்குக் கவாத்து செய்யாமல் விடுவதே முக்கியக் காரணம். காட்டில் ஹீதரை ஆடும் மானும் மேய்கின்றன, சிவப்புக் கவுதாரி இளந்தளிரைத் தின்கிறது, இடையிடையே தீ எரித்து மறுபடி துளிர்க்க வைக்கிறது. தோட்டத்தில் அந்த வேலையை நம் கத்திரிக்கோல்தான் செய்ய வேண்டும். நட்ட முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுங்கள். பூங்கதிர் எங்கே முடிகிறதோ அதற்குச் சற்றுக் கீழே, ஆனால் பச்சை இலை இருக்கும் பகுதிக்குள்ளேயே வெட்டு விழ வேண்டும். கிளையை ஒரு கையால் பிடித்து மேலிருந்து கீழே பாருங்கள்: முதலில் காய்ந்த பூ, அடுத்து அடர்ந்த பச்சை, அதற்குக் கீழே வெறும் பழுப்புக் கட்டை. கத்திரி அந்த நடுப்பகுதியைத் தாண்டக் கூடாது. கட்டைக்குள் வெட்டிய இடம் மொட்டையாகவே நின்றுவிடும். ஆர்போரியா போன்ற மர வகை மட்டும் விதிவிலக்கு, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும்.

காலம் முக்கியம். கல்லூனாவையும் கோடையில் பூக்கும் எரிக்காக்களையும் குளிர்காலம் முடிந்து புதுத் துளிர் வரும் முன் வெட்டுங்கள். காய்ந்த பூங்கதிர் குளிரில் செடிக்குப் போர்வையாக இருக்கும். குளிர்காலத்தில் பூக்கும் கார்னியா, டார்லியென்சிஸ் இரண்டையும் பூ முடிந்த உடனே லேசாக வெட்டுங்கள். தாமதித்தால் அடுத்த ஆண்டு மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

கேப் எரிக்காக்கள் தனிக் கதை. எரிக்கா இனங்களில் பெரும்பான்மை தென்னாப்பிரிக்காவில்தான். நீண்ட குழல் பூக்கள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று நிறங்கள், தேன்சிட்டு வந்து மகரந்தம் சேர்க்கும் இனங்கள். பெரும்பாலானவை உறைபனி தாங்காது. காற்றோட்டம் இல்லாத மூலையில் பூசணம் பிடித்துவிடும். மலிவாகத் தொட்டியில் பூவோடு வரும் எரிக்கா கிராசிலிஸ் இந்த வகை, உங்களுடையதும் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கேப் மலைகளில் இவற்றின் விதை பல, தீயின் புகை பட்டபின்தான் நன்றாக முளைக்கின்றன. அதனால் விதைப்பவர்கள் புகை ஏற்றிய நீரில் ஊறவைத்து விதைக்கிறார்கள். எரிக்கா வெர்டிசில்லாட்டா என்ற இனம் கேப் டவுன் சமவெளியில் அடியோடு அற்றுப்போனது. வியன்னாவின் அரண்மனைத் தோட்டம் போன்ற இடங்களில் தொட்டியில் பிழைத்திருந்த செடிகளிலிருந்து பெருக்கி, மறுபடி அதன் சொந்த மண்ணில் நட்டிருக்கிறார்கள். ஒரு தோட்டக்காரர் கவனமாக வைத்திருந்த தொட்டி எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இரவிலும் புழுக்கம் குறையாத வெப்பச் சமவெளியில் இருந்தால், ஐரோப்பிய ஹீதர் பாத்தி வேண்டாம் என்றே சொல்வேன். அதற்குக் குளிர்ந்த இரவும் குளிர்காலமும் தேவை. மிதமான மலைப்பகுதி என்றால் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் முயலலாம். வீட்டுக்குள் வைத்தால் எந்த ஊரிலும் நிலைக்காது, உலர்ந்த காற்று அதற்கு எமன். பூக்காலம் முடியும் வரை குளிர்ந்த, வெளிச்சமான சன்னலோரம் வைத்துவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் செடியில் பச்சைக் கிளை மிச்சம் இருந்தால், தாய்ச்செடி பிழைக்குமா என்று காத்திருக்காமல் இப்போதே கிளை நுனிகளை வெட்டி வேர்விட வைத்துவிடுங்கள். பூ இல்லாத இளங்கிளையில் 3 முதல் 5 சென்டிமீட்டர் நுனியைக் கிள்ளுங்கள். அடிப்பாதி இலையை விரலால் கீழ்நோக்கி உருவி, மணலும் பீட் அல்லது அலசிய நார்க்கழிவும் சரிபாதி கலந்த ஈரமான கலவையில் செருகுங்கள். பத்துப் பதினைந்து செருகினால்தான் நாலைந்தாவது தேறும். மேலே தெளிவான பிளாஸ்டிக் மூடி போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒன்றை நுனியில் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டிருக்கிறது.